விருந்தினர் வீட்டு உணவு



மாலை விளக்கேற்றும் வேளையில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் வந்து நிற்கும் தள்ளுவண்டிகளை நாம் யாவரும் அறிவோம். கொதிக்கும் எண்ணெயில் பூக்கோசு பொரிகின்றது. பெரிய இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஓசை தெருமுனை வரை கேட்கின்றது. வண்டியின் முகப்பில் ‘கோபி மஞ்சூரியன்’ என்றும் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்றும் வண்ண எழுத்துகள் பொலிகின்றன. பள்ளிவிட்டு வரும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டனார் பிறந்த ஊரின் பெயர் தெரியாமல் இருக்கலாம். இவ்விரு பெயர்களும் தெரியாமல் இரா.

‘கோபி’ என்பது வடநாட்டார் பூக்கோசுக்கு வழங்கும் பெயர். ‘மஞ்சூரியா’ என்பது சீனத்தின் வடகிழக்கிலுள்ள ஒரு நிலப்பகுதி. அங்ஙனமாயின், ‘ஹக்கா’ என்பது யாது? அதனைச் சமையல் முறையின் பெயர் என்பாரும் உளர். ஊரின் பெயர் என்பாரும் உளர். உண்மையில் அது ஒரு மக்கட் கூட்டத்தின் பெயராகும். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து, அயல்நாட்டில் சுரங்கம் தோண்டி, அச்சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் தம் பெயரை ஓர் உணவினால் நிலைநிறுத்திய மக்கள் அவர்கள். அவர்தம் வரலாறு நந்திதுர்க் வாழ் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு மிகவும் அணுக்கமானது. ஆதலின் இத்திங்கள் அவர்களுடைய உணவொன்றைப் பற்றியும், அதன் வாயிலாக நமக்குப் புலப்படும் கடமையொன்றைப் பற்றியும் எழுத விழைகின்றேன்.

பெயரின் பொருள்

சீன மொழியில் ‘ஹக்கா’ என்பதற்கு ‘விருந்தினர் குடும்பம்’ என்பது பொருள். வட சீனத்துச் சமவெளிகளில் வாழ்ந்த மக்கள் போராலும் பஞ்சத்தாலும் பல நூற்றாண்டுகளாக அலையலையாகத் தெற்கே பெயர்ந்தனர். ஜியாங்சி, ஃபூஜியன், குவாங்டுங் ஆகிய நாடுகளில் அவர்கள் வந்து சேர்ந்தபோது, ஆற்றங்கரையிலிருந்த நல்ல வயல்கள் எல்லாம் முன்னரே குடியிருந்தோர் கையில் இருந்தன. பின்வந்தவர்க்கு மலைச்சாரலே எஞ்சியது. முன்னிருந்தோர் தம்மை ‘இம்மண்ணினர்’ என்றும், பின்வந்தோரை ‘விருந்தினர்’ என்றும் பிரித்து வழங்கினர். சொல் இனியதாயினும் உறவு இனிதாக அமையவில்லை. 1855 முதல் 1867 வரை குவாங்டுங்கில் இரு சாராருக்கும் இடையே கொடும் பூசல்கள் நிகழ்ந்து, எண்ணிறந்தோர் மாண்டனர். எத்தனையோ தலைமுறை உழுது பயிரிட்ட பின்னும் ‘விருந்தினர்’ என்னும் பெயர் அம்மக்களை விட்டு நீங்கவில்லை. நாளடைவில் அவர்களே அதனைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூவின் முன்னோரும் இவ்வினத்தவரே.

நம் மொழியில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். புதுவகைச் செய்யுளைத் தொல்காப்பியர் ‘விருந்து’ என்றே குறித்தார். புதிதாக வருபவர் ஆகையால் அவர் விருந்தினர் ஆனார். எனினும், நான்கு தலைமுறையாக ஓரிடத்தில் பிறந்து, உழைத்து, மண்ணில் அடங்கியவர் எவ்வகையில் புதியவர்? இவ்வினா நமக்கும் புதிதன்று. வேலூருக்கோ திருப்பத்தூருக்கோ ஒரு திருமணத்திற்குச் சென்றால், அங்கே நம்மைக் ‘கோலார்க்காரர்’ என்கின்றனர். பெங்களூருக்கு வேலைக்குச் சென்றால், அங்கே நம்மைத் ‘தமிழர்’ என்கின்றனர். இரண்டும் உண்மையே, ஆயினும் இரண்டு இடத்திலும் நாம் வாயிற்படியில் நிற்பவராகவே எண்ணப்படுகின்றோம். ஹக்கா மக்களின் கதையை நாம் ஊன்றிப் படிக்க வேண்டியதற்கு இதுவே முதற்காரணம்.

வெள்ளீயத்தைத் தேடிச் சென்றோர்

அம்மக்களில் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேயாவுக்குக் கப்பலேறினர். அங்கே வெள்ளீயம் விளைந்தது. 1857-இல் ராஜா அப்துல்லா என்னும் மலாய்த் தலைவர் 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறு கலக்கும் சேற்றுத் துறையில் இறங்கி, காட்டினூடே நடந்து, அம்பாங் என்னும் இடத்தில் அவர்கள் குழி தோண்டினர். ஒரு திங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டது. எஞ்சியவர் 18 பேர் மட்டுமே எனக் கூறுவர். ஆயினும் மீண்டும் ஆட்கள் வந்தனர், ஈயம் வெளிப்பட்டது. அவர்கள் கரையேறிய அச்சேற்றுத் துறையே இன்றைய கோலாலம்பூர் மாநகரம். அந்நகரைப் போரினின்றும் தீயினின்றும் மீட்டு வளர்த்தவர் என்று போற்றப்படும் யாப் ஆ லோய், ஹக்கா இனத்தவர். 1868 முதல் 1885-இல் இறக்கும் வரை அந்நகரின் சீனர் தலைவராக விளங்கியவர்.

ஹக்கா மகளிர் உழைப்பிற்கு அஞ்சாதவர். சீனத்தின் பிற பகுதிகளில் பெண்களின் பாதங்களைச் சிறு வயதிலேயே கட்டி ஒடுக்கும் வழக்கம் இருந்த காலத்திலும் இவர்கள் அதனைக் கொள்ளாது வயலில் இறங்கி உழைத்தனர். மலேயாவில் ஓடைநீரில் இடுப்பளவு குனிந்து, அகன்ற மரத்தட்டில் மண்ணை அரித்து ஈயமணலைப் பிரித்தெடுத்தவரில் பெரும்பாலோர் இவ்வினத்துப் பெண்களே.

அம்பாங்கின் அடைப்பு உணவு

இனி உணவிற்கு வருவோம். அதன் பெயர் ‘யோங் தௌ ஃபூ’. ‘தௌ ஃபூ’ என்பது சோயாப் பயற்றின் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய வெண்ணிறக் கட்டி; ‘யோங்’ என்பது உள்ளே அடைத்தல். வட சீனத்தில் வாழ்ந்தபோது இம்மக்களின் முன்னோர் கோதுமை மாவைச் செப்பாகச் செய்து, அதனுள் இறைச்சிப் பூரணம் வைத்துப் புத்தாண்டு நாளில் உண்டனராம். தெற்கே வந்தபோது கோதுமை கிடைக்கவில்லை; சோயாப் பயறு கிடைத்தது. எனவே மாவுக்குப் பதிலாகத் தௌ ஃபூவைக் கீறி, அதனுள் அதே பூரணத்தை அடைத்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கதையின் ஒவ்வோர் எழுத்துக்கும் சான்று காட்ட இயலாதாயினும், குடிபெயர்ந்தோர் வீட்டு அடுப்பை அறிந்தவர் எவரும் அதனை எளிதில் நம்புவர்.

மலேயாவுக்கு வந்தபின் அவ்வுணவு மேலும் ஓர் அடி நடந்தது. அங்கே சந்தையில் வெண்டைக்காயும், கத்தரிக்காயும், பாகற்காயும், மிளகாயும் குவிந்திருந்தன. அவற்றையும் கீறி அடைத்தனர். பூரணத்தில் பன்றியிறைச்சி குறைந்து மீன் மிகுந்தது. 1960-களில் அம்பாங் உணவுச்சாலைகள் சில இதனால் பெரும் பெயர் பெற்றன. ‘அம்பாங் யோங் தௌ ஃபூ’ என்று இன்று மலேசியா எங்கும், சிங்கப்பூரிலும், பெயர்ப்பலகைகளில் காணலாம். அம்பாங்கிலேயே ஃபூங் ஃபூங் என்னும் உணவுச்சாலை உள்ளூராரும் வெளியூராரும் நன்கறிந்த ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அத்தகைய உணவுச்சாலை ஒன்றில் இதனை உண்ணும் வாய்ப்புக் கிட்டியது. அலங்காரம் ஏதுமில்லை, வட்ட மேசைகள், நெகிழி நாற்காலிகள், மேலே சுழலும் விசிறிகள். ஒருபுறம் பெண்கள் அமர்ந்து மீன்சதையைக் கரண்டியால் வழித்து, உப்பிட்டுப் பிசைந்து, பாத்திரத்தில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தனர். அவ்வாறு அடித்தால்தான் பூரணம் துவண்டு போகாமல் மீள்சக்தி பெறுமாம். இத்தனை துண்டு என எண்ணிக் கேட்க வேண்டும். துண்டுக்கு இவ்வளவு எனக் கணக்கிடுவர். பொரித்து வருவதும் உண்டு. தெளிந்த சாற்றில் மிதந்து வருவதும் உண்டு. தொட்டுக்கொள்ள மிளகாய்க் குழைவும், இனிப்பு கலந்த கருஞ்சாந்தும் தருவர்.

என் அண்ணியார் மலேயாவிலேயே பிறந்தவர். அவர்தம் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து தோட்டத்திற்குச் சென்றவர். அடைத்த வெண்டைக்காய் ஒன்றை என் தட்டில் வைத்து, “தம்பி, இது நம் வீட்டு வெண்டைக்காய்தான், உள்ளே குடியிருப்பவர்தாம் வேறு” என்று நகைத்தார். கசக்கும் பாகற்காயில் மீன்பூரணத்தின் இனிமை கலந்தபோது, அடைத்த பாகற்காயை நூல்சுற்றி வதக்கும் நம் பாட்டிமார்களின் கைகளே நினைவிற்கு வந்தன.

அங்குச் செல்லும் நம் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: மரக்கறி மட்டும் உண்போர் வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் கண்டு ஏமாறலாகாது; உள்ளிருப்பது மீன். பன்றியிறைச்சி விலக்குவோர் முன்னரே கேட்டறிதல் நலம். மீன் மட்டும் கொண்டு செய்யும் கடைகள் பல உள.

நேயர்கள் ஒன்றை ஈண்டுக் கருத வேண்டும். 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை வீழ்ந்தது; விலை பாதியாகச் சரிந்தது. மலேசியாவின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அம்பாங் என்றவுடன் ஈயத்தை நினைப்பார் இன்று அரியர். இவ்வுணவை நினைப்பாரே பலர். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வண்டியேறி அங்கு வருகின்றனர். சுரங்கம் அம்மக்களை அவ்வூருக்குக் கொணர்ந்தது. சுரங்கம் போனபின் அவ்வூரின் பெயரை அவர்களுடைய அடுப்பு காத்து வருகின்றது.

கல்கத்தாவிலிருந்து நம் தெரு வரை

நம் தெருமுனை வண்டியில் ஹக்கா என்ற பெயர் ஏறிய வழி வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆச்சியூ என்னும் சீனர், வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுக் கல்கத்தாவுக்குத் தெற்கே கரும்பாலை நிறுவினார். அவர் பெயராலேயே அவ்வூர் அச்சிப்பூர் என வழங்குகின்றது. அவர் கல்லறையும் அங்கே உள்ளது. அவருக்குப் பின் வந்த சீனரில் ஹக்கா இனத்தார் கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டனர். பிறர் தொடத் தயங்கிய தொழிலைத் தொட்டுப் பிழைத்தனர்.

1962-இல் இந்திய சீனப் போர் மூண்டது. இந்நாட்டில் பிறந்தவர், இந்நாட்டு மொழி பேசியவர் என்பதையும் பாராமல், ஏறத்தாழ 3,000 சீன வமிசத்தார் ராஜஸ்தானத்திலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தனர். வீடு திரும்பியபோது வீடும் கடையும் பிறர் கையில் இருக்கக் கண்டவரும் உண்டு. பலர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். எஞ்சியோருக்கு 1996-இல் வேறொரு சோதனை வந்தது. சுற்றுச்சூழல் கேட்டை முன்னிட்டு, தோல் தொழிற்சாலைகள் டாங்ராவை விட்டு அகலவேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பல தொழிற்கூடங்கள் உணவுச்சாலைகளாக மாறின. தோல் ஊறிய இடத்தில் சோறு வெந்தது. கல்கத்தாவாசிகள் இன்று டாங்ராவை உண்ணச் செல்லும் இடமாகவே அறிவர்.

இந்தச் சமையல், நம் நாட்டு நாவுக்கு ஏற்பப் பச்சைமிளகாயும் பூண்டும் இஞ்சியும் மிகுத்து, நாடெங்கும் பரவியது. கல்கத்தாச் சீனக் குடும்பத்தில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975-இல் பம்பாயில் கோழி மஞ்சூரியனை முதன்முதல் செய்தார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. மஞ்சூரியாவில் அப்பெயரில் ஓர் உணவு இல்லை. கோழிக்குப் பதில் பூக்கோசு வந்தபோது, அது கருநாடகத்தின் ஒவ்வொரு தெருவிற்கும் வந்து சேர்ந்தது. ஆகவே, “இது என்ன அயல்நாட்டுப் பண்டம்!” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியோர்க்கு என் பணிவான விண்ணப்பம்: அதுவும் நம்மைப் போல் பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் சமையலே. கடிய வேண்டியது ஒன்று உண்டாயின் அது செயற்கை வண்ணம். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கருநாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்ப்பதைத் தடைசெய்தது. கண்ணைப் பறிக்கும் செந்நிறத்தோடு விற்கும் வண்டியை விலக்கி, மிளகாயின் இயல்பான நிறத்தோடு சமைப்பவரிடம் வாங்கித் தருக.

நம் அடுப்பங்கரை

இவ்வரலாற்றை இத்தனை விரிவாகக் கூறியது நம் ஊரை எண்ணியே. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தனர். மலேயாவுக்குக் கப்பலேறிய தமிழருக்கும் நமக்கும் தாய்க்கிராமங்கள் பல பொதுவானவை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்திற்கு வந்தது. சாம்பியன் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வெப்பத்தில் நம்மவர் பாறை பிளந்தனர். கல்தூசியை உண்டு நெஞ்சு நைந்தனர். நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் வெளியே சென்றது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நந்திதுர்க், சாம்பியன், மைசூர் என்னும் பெயர்கள் எல்லாம் சுரங்கத்திலிருந்து கழன்று வெறும் ஊர்ப்பெயர்களாக நின்றன.

அன்று முதல் நம் இளைஞரும் மகளிரும் பொழுது புலருமுன் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர். ஆண்டுதோறும் சில குடும்பங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அம்பாங்கிற்கு ஒருவர் வந்தால், “இதை உண்டு பார்” என்று காட்ட அவ்வூரார்க்கு ஓர் உணவு உண்டு. நந்திதுர்க்கிற்கு ஒருவர் வந்தால் நாம் எதனைக் காட்டுவோம்? சயனைடு மண்மேட்டையும், துருவேறிய இறங்குகூண்டுக் கோபுரத்தையும் மட்டும் காட்டுவோமா?

நம்மிடம் உணவு இல்லாமல் இல்லை. பனிக்காலத்தில் பச்சை மொச்சையை ஊறவைத்து, குடும்பத்தார் அனைவரும் சுற்றி அமர்ந்து, விரலால் ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பு இருக்கின்றது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் வேலூர்ப் பக்கத்திலும் உள்ள நம் உறவினரும் அதனைச் செய்கின்றனர். அண்டைவீட்டுக் கன்னடத் தாய்மார் ‘ஹிதுக்கித பேளெ’ என்று அதனையே செய்கின்றனர். கேழ்வரகுக் களியும் அவ்வாறே; நாம் களி என்போம், அவர் முத்தெ என்பர். அதனோடு சேரும் கருவாட்டுக் குழம்பும், கீரை மசியலும் வீட்டிற்கு வீடு கைப்பக்குவம் வேறுபடுவன. லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் தெலுங்கர், இப்பால் தமிழர், எதிரே கன்னடர் என வாழ்ந்ததால் உருவான சமையல் இது. தாய்க்கிராமத்தில் இதே வடிவில் இதனைக் காண இயலாது. பெங்களூரிலும் காண இயலாது.

ஆனால் இவ்வுணவு கடைக்கு வரவில்லை, ஏட்டிலும் ஏறவில்லை. தாய்மார் நினைவிலும் கைகளிலும் மட்டுமே இருக்கின்றது. ரயிலைப் பிடிக்க நான்கு மணிக்கு எழும் மருமகளுக்கு மொச்சை பிதுக்க நேரமேது? அவளைக் குறைகூறுதல் அறமன்று. ஹக்கா மக்கள் கோதுமை இல்லாதபோது தௌ ஃபூவைக் கைக்கொண்டது போல, அவளும் எளிய வழி ஒன்றைக் காண்பாள். ஆனால் மாற்றுவதற்கேனும் மூலம் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? அதனைச் சொல்லித்தரும் மாமியார் மறைந்தபின் யாரிடம் கேட்பாள்?

ஆதலின் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் மூத்த தாயார் ஒருவரை அமர்த்தி, அவர் செய்யும் ஓர் உணவைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அவர் ஆழாக்கு என்றால் ஆழாக்கு என்றே எழுதுக. ‘கைப்பிடி’ என்றால் அக்கைப்பிடியை ஒருமுறை நிறுத்துப் பார்த்து எடையையும் எழுதுக. அவர் யாரிடம் கற்றார், அவர்தம் தாய்க்கிராமம் எது, இங்கு வந்தபின் எதனைச் சேர்த்தார், எதனை விட்டார் என்பவற்றையும் குறித்திடுக. அண்டைவீட்டாரிடம் கற்றதாயின் அதனையும் மறைக்காமல் எழுதுக. கடன்வாங்கிய உணவு இழிந்ததன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராதாயின் அவர்கள் அறிந்த எழுத்தில் எழுதட்டும். நாம் இங்குப் பெயர்த்துக்கொள்வோம்.

மற்றொன்று: சங்கத்தின் ஆண்டுவிழாவில் வெளியூர்ச் சமையற்காரரை அமர்த்தி விருந்திடும் வழக்கத்தை இவ்வாண்டு ஒரு வேளையேனும் நிறுத்தி, நம் தாய்மார் சமைத்த களியும் குழம்பும் விலைக்கு வைப்போம். கன்னட, தெலுங்கு அண்டைவீட்டாரையும் அழைப்போம். அவ்வுணவைச் சமைத்துப் பிழைக்க முன்வரும் குடும்பம் ஒன்று உண்டாயின், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தள்ளுவண்டிக்கு முதல் தேட நாம் துணைநிற்போம். அவ்வண்டி ஹக்கா நூடுல்ஸ் வண்டியின் அருகிலேயே நிற்கட்டும், அவ்விரண்டிற்கும் பகையில்லை.

எழுதிய தாள்களைச் சங்க அலுவலகத்தில் மாலை வேளைகளில் சேர்ப்பிக்கலாம். மொச்சைப் பருவம் தொடங்குமுன் வந்து சேருமாயின், பிதுக்குப் பருப்புக் குழம்பின் பல வீட்டுப் பக்குவங்களை மார்கழி இதழில் அருகருகே வெளியிடுவோம்.